தண்டனைத் தீர்ப்பும் 14 நாள் அவகாசமும்

சுன்னாகத்தில் கைதாகி, மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலே வழக்கு விளங்கப்பட்டு, ஈற்றில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ஒருவருடைய குடும்பத்தார், துக்கத்தாலும் ஊரார் முகத்தில் விழிக்கும் வெட்கத்தாலும் வீட்டுக்குள்ளே ஒடுங்கிக் கிடக்கும் அந்த முதல் இரண்டு வாரங்களே, மேன்முறையீடு செய்வதற்குச் சட்டம் அவர்களுக்கு அளித்திருக்கும் அவகாசமாகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதற்கு 14 நாட்களையே விதித்திருக்கின்றது. நீதவானின் தீர்ப்பை யாழ்ப்பாணத்தில் அமரும் மாகாண மேல் நீதிமன்றமும், மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் பரிசீலிக்கும்.

இது யாசித்துப் பெறும் தயவன்று. தண்டிக்கப்பட்ட எவருக்கும் உயர்ந்த நீதிமன்றமொன்றிடம் முறையிடும் உரிமை உண்டென்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. மேல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருப்பவர், சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றவராயினும், தமது விருப்பத்தையும் அதற்கான நியாயங்களையும் அவ்வவகாசத்துள் சிறை அதிகாரியிடம் தெரிவித்தாற் போதும். மனுவைத் தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவ்வதிகாரியின் கடமை. சாதாரண சனங்களுக்கு மிகுந்த பிரயோசனமுடைய இந்த ஏற்பாடு பரவலாக அறியப்படாதிருப்பது வருந்தத்தக்கது.

ஆபத்துகளும் உள. மேல் நீதிமன்றத் தண்டனையாயின், விசேட காரணங்களின்றிப் பிணை கிடைப்பது அரிது. மேன்முறையீடு முடியும்வரை மறியலிற் கழித்த காலம், நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றித் தண்டனைக் காலத்திற் சேராது. தண்டனையைக் குறைக்கக் கேட்டவருக்கு அது கூட்டப்படவும் இடமுண்டு. ஆதலால் தீர்ப்பின் பிரதியைச் சட்டத்தரணியிடம் காட்டி அபிப்பிராயம் பெறாமல் மனுச் செய்தல் விவேகமாகாது. அவகாசம் தவறினால் எஞ்சுவது மீளாய்வு மனு. அதற்கோ அசாதாரணமான காரணமும், தாமதத்துக்குத் தக்க விளக்கமும் வேண்டும்.

2000ஆம் ஆண்டு மிருசுவிலில் சிறுவர் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில், 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவும் மேன்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றம் 2019இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நம்மைப் பதறவைத்த குற்றமாயினும், அந்த உரிமை அவருக்கு மறுக்கப்படாதது நியாயமே. அநியாயம், 2020இல் ஜனாதிபதியின் மன்னிப்பு அவரை வெளியே விட்டதுதான்.

பணமில்லையென்று வாளாவிருக்க வேண்டாம். தீர்ப்பு வந்த மறுநாளே யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுங்கள்.