சுவரை மூடுவதற்கு முன்

பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. ஆடி முடிந்து ஆவணியில் நல்ல முகூர்த்தம். கையில் இருப்பது மூன்றே வாரம். ஒரு அறையில் பெயிண்டர் பட்டி பார்க்கிறார், அடுத்த அறையில் ஆசாரி பிளைவுட் அறுக்கிறார், கூடத்தில் எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டுகிறார். புது வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு இந்த நெருக்கடி நன்றாகத் தெரியும்.

எங்கள் முதல் சொந்த வீட்டிலும் இதுதான் நடந்தது. படுக்கையறைச் சுவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓதத் திட்டு. “பட்டி பார்த்து ரெண்டு கோட் அடிச்சா தெரியாதுங்க” என்றார் வேலைக்கு வந்தவர். அடித்தார், தெரியவில்லை. அதன்மேல் சுவர் முழுக்க அலமாரி வந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் அலமாரியின் பின்பலகை உப்பிப் பிளந்தது. குழந்தையின் துணிகளில் பூஞ்சை. வீட்டைக் கட்டிக் கொடுத்தவரிடம் போனோம். “நீங்கள் மரவேலை செய்தபோது குழாயில் ஆணி இறக்கியிருப்பீர்கள்” என்று சொல்லிவிட்டார். ஓதம் முதல் நாளே இருந்தது எங்களுக்குத் தெரியும். அதைக் காட்ட எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

வண்ணம் சுவரின் குறையை மூடும்போது, அந்தக் குறைக்கு யார் பொறுப்பு என்பதற்கான சாட்சியையும் சேர்த்தே மூடிவிடுகிறது. புது வீட்டில் கைவைக்கும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறத் தேவையான ஆதாரமோ சுவரை மூடுவதற்கு முந்தைய சில நாட்களில்தான் கிடைக்கும்.

புது அடுக்ககம் வாங்கியவர்களுக்கு

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14 வீடு வாங்கியவருக்குப் பெரிய பாதுகாப்பு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து, அதைக் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுசென்றால், அவர் 30 நாட்களுக்குள் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யத் தவறினால் இழப்பீடு கோரலாம். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம்.

இந்த உரிமையை நாமே பலவீனப்படுத்திக்கொள்ளும் இடம் உள்அலங்கார வேலை. அதனால் சாவி கைக்கு வந்ததும் பெயிண்டரை அழைப்பதற்கு முன்னால் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், கூரை, தரை, ஜன்னல் ஓரம், குளியலறைச் சுவரின் மறுபக்கம் என்று பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். விரிசல் இருந்தால் அருகே அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். சுவரில் உப்பு பூத்திருக்கிறதா, தட்டினால் டைல்ஸ் டொக் டொக்கென்று வெற்றொலி தருகிறதா, குளியலறையில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு நல்ல மழைக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள். பட்டியலை மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் கட்டுநருக்கு அனுப்புங்கள். அவர் பார்த்துச் சரிசெய்யும்வரை அந்தச் சுவரை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

தூண், உத்தரம், தளம் ஆகியவற்றில் எக்காரணம் கொண்டும் கைவைக்கக் கூடாது. கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்க நினைத்தால், அது பாரம் தாங்கும் சுவரா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மேஸ்திரியின் அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் மேலே நான்கு குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அது மட்டும் போதாது.

வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்பட வேண்டும். அட்வான்ஸுக்கு அந்தச் சட்டம் காட்டும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டு நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகும்.

வீட்டைக் காலி செய்யும்போது ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை அறியாதவர் இல்லை. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யாருக்கு என்ன பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களையும் மின்வயர்களையும் மாற்றுவது உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அந்த எழுத்துதான் செல்லும். அதனால் ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை வண்ணப்பூச்சுக்குப் பிடித்தம்’ என்ற வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். இருந்தால் பேசி எடுக்கச் சொல்லுங்கள். நாட்பட்ட புழக்கத்தால் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். நாம் செய்த சேதமாக அதைக் கணக்கிடக் கூடாது.

உரிமையாளர் தன் பொறுப்பான பழுதைச் சரிசெய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சுவரின் நிறத்தை மாற்றவோ, ஏ.சி. மாட்டத் துளை போடவோ, பரண் அடிக்கவோ விரும்பினால் உரிமையாளரின் சம்மதத்தை வாட்ஸ்அப் செய்தியிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் கட்டமைப்பை அனுமதியின்றி மாற்றினால் காலி செய்யச் சொல்ல அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் சட்டப்படி முறையிடலாம். அங்கேயும் உங்களுக்குக் கைகொடுப்பது குடிபோன அன்று எடுத்த படங்களே.

டப்பாவுக்குள் இருப்பது

வீடுகளுக்கான பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு உட்பட்டது என்ற அறிவிப்பு டப்பாவின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வாங்கும்போது படித்துப் பாருங்கள். பெயர் தெரியாத மலிவு எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில், கூடுதல் கவனம் தேவை. ஈயம் சேர்ந்த நிறமிகள் அதிகம் பயன்பட்டவை இந்த நிறங்களில்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து பழைய வீட்டின் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த எனாமல் அடுக்குகளை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். அது தரையில் படியும். தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்தானது. ஆகவே பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்கவோ தீயில் வாட்டிச் சுரண்டவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்க வேண்டாம்.

மொட்டைமாடிக் கொட்டகையிலோ பழைய வீட்டின் கூரையிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால், அதை உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும்.

புதுப் பெயிண்டின் வாசனையை நம்மில் பலர் புது வீட்டின் வாசனை என்றே ரசிக்கிறோம். தின்னரும் வார்னிஷும் விடும் ஆவி தலைவலி, கண் எரிச்சல், மூச்சிரைப்பை உண்டாக்கும். மலிவான பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் கசியும். புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருட்களில் அதுவும் ஒன்று. ‘இ0’, ‘இ1’ எனக் குறிக்கப்பட்ட பலகைகளில் இந்தக் கசிவு குறைவு. வேலை முடிந்த பின் சில நாட்களாவது ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் காற்றாட விட்டுவிட்டுக் குடிபோங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் தள்ளிப்போடுங்கள்.

முகூர்த்த அவசரத்தின் இன்னொரு பலி சிமென்ட் பூச்சு. புதுப் பூச்சு நீராற்றி உலரச் சுமார் 28 நாட்கள் வேண்டும். ஈரம் வற்றாத சுவரில் பட்டியும் எமல்ஷனும் ஏற்றினால் அடுத்த ஆண்டே கொப்புளித்து உரியும். பால் காய்ச்ச ஓர் அறையும் அடுப்பும் போதும். மீதி அறைகளின் பூச்சு உலரும்வரை காத்திருந்தால் எந்தச் சாமியும் கோபிக்காது.

சுவருக்குள்ளும் அலமாரிக்குள்ளும்

மின்வயர் பதித்துக் காடியை அடைப்பதற்கு முன் எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். ஐந்தாண்டு கழித்துச் சுவரில் ஆணி அடிப்பவரின் உயிரை அந்தப் படம் காக்கும். வயர், சுவிட்ச், பிளைவுட் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையானதா என்று தெரிந்துவிடும். சமையலறை மரவேலைக்குத் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 பலகையைக் கேளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கட்டும். வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள்.

மாடுலர் கிச்சனில் சிலிண்டரை அலமாரிக்குள் அடைத்து அழகுபடுத்துகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். அலமாரியின் அடிப்பகுதியில் காற்றுத் துவாரம் இல்லையென்றால் ஒரு தீப்பொறி போதும். கதவு மாட்டும் முன்பே துவாரம் வெட்டச் சொல்லுங்கள். எரிவாயு கசிவுக்கான அவசர எண் 1906. அதை அடுப்படிச் சுவரிலேயே ஒட்டி வையுங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மூடிய அறையில் அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரியும்.

வேலை கொடுக்கும்போது

‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்ற வாய்ப்பேச்சோடு வேலையைத் தொடங்காதீர்கள். எந்த நிறுவனத்தின் எந்தவகைப் பெயிண்ட், எத்தனை கோட், பட்டி எத்தனை முறை, எந்தத் தரப் பலகை, எந்த லேமினேட், மெட்டீரியலோடு சேர்த்தா லேபர் மட்டுமா, முடிக்க வேண்டிய தேதி, எத்தனை ஆண்டு உத்தரவாதம் ஆகிய எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள். பணத்தை ஒவ்வொரு கட்ட வேலையையும் பார்த்த பிறகு கொடுங்கள். பத்தில் ஒரு பங்கையாவது கடைசிவரை நிறுத்தி வையுங்கள். வங்கி வழியாகச் செலுத்துவதே பாதுகாப்பு.

“பில் வேண்டாம்னா 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்களுக்கு மிச்சம்” என்பார்கள். பில் இல்லாமல் செய்த வேலை கெட்டுப்போனால், வேலை செய்ததையே அவர்கள் மறுக்கலாம். மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்த இழப்பு பெரிது.

வேலை செய்ய வருபவரின் உயிரும் நம் வீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. வெளிச்சுவரில் மூங்கில் சாரத்திலும் கயிற்றிலும் தொங்கி வண்ணம் அடிப்பவருக்கு பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் கொடுப்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். பெயிண்டர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யத் தகுதி உள்ளவர்கள். பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வழியைச் சொல்லுங்கள்.

ஏமாற்றப்பட்டால்

தரமற்ற வேலையும், பாதியில் விட்டுப்போவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் குறைகளைப் பட்டியலிட்டு, 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 50 லட்சம்வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதிடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். “வந்து பார்க்கிறேன்” என்ற வாக்குறுதிகளிலேயே அந்தக் காலம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன வேலையை இன்னொருவரை வைத்துச் சரிசெய்யும் முன், படமும் ஒரு பொறியாளரின் எழுத்துபூர்வ அறிக்கையும் எடுத்து வையுங்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தலைமறைவானவர் மீது காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

எங்கள் அலமாரியைக் கழற்றி, சுவரைக் கொத்தி, கசிந்த குழாய் இணைப்பைச் சரிசெய்து, மறுபடி பூச எங்கள் கைக்காசுதான் போனது. இரண்டாம் முறை பெயிண்டர் வந்தபோது, “இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் அண்ணா, சுவர் நன்றாகக் காயட்டும்” என்று சொன்னோம். அந்த ஒரு வாரமும் தினமும் காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்தோம். தேதியோடு படம் எடுத்தோம். கையில் ஈரம் ஒட்டாத நாளில்தான் முதல் கோட் ஏறியது. அந்தச் சுவர் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.