தானியங்கிக் காவலும் அதன் எல்லையும்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோரும், காட்பாடியில் இறங்கிக் கல்லூரிக்கு வரும் மாணவரும் நாள்தோறும் இரயிலையே நம்பியுள்ளோம். மோதலைத் தடுக்கும் கருவி வந்துவிட்டால் இனி அச்சமில்லை எனப் பலர் கூறக் கேட்கிறேன். அது எந்த அளவு உண்மை என ஆராய்வோம்.

2011 செப்டம்பர் 13 இரவு, அன்றைய வேலூர் மாவட்டத்துச் சித்தேரி அருகே நின்றிருந்த பயணிகள் வண்டியின் பின்புறம், வேலூர் கன்டோன்மென்ட் நோக்கி வந்த மெமு வண்டி மோதியது. பத்துப் பேர் மாண்டனர். இத்தகைய மோதலைத் தடுப்பதற்கென்றே அமைந்தது 'கவச்' என்னும் கருவி. தண்டவாளத்தினிடையே பதித்த சில்லுகளைக் கொண்டு எஞ்சின் தன் இடத்தை அறிகிறது. சிக்னலின் நிலையை வானொலி அலை வழியே பெறுகிறது. சிவப்பு விளக்கை நோக்கி ஓட்டுநர் வேகம் குறைக்காது சென்றால், கருவியே பிரேக் போடுகிறது.

ஆனால் இவையனைத்தும், சிக்னல் உண்மையையே சொல்லும் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பவை. சிக்னலே பொய் சொன்னால்?

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் விரைவு வண்டிக்கு மெயின் லைனுக்கான பச்சை விளக்கு கிடைத்தது. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் இணைப்பில் நேர்ந்த வேலைப் பிழையே காரணம். 290 பேருக்கு மேல் மாண்டனர். 2024 அக்டோபர் 11 அன்று, நம் காட்பாடியைக் கடந்து சென்ற பாக்மதி விரைவு வண்டியும் கவரைப்பேட்டையில் அவ்வாறே லூப் லைனில் புகுந்து, நின்ற சரக்கு வண்டியில் மோதியது. அங்கே பாயிண்டின் உறுப்புகள் கழற்றப்பட்டிருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. நல்வேளையாக உயிரிழப்பு இல்லை.

இவ்விரு இடங்களிலும் கவச் அப்போது இல்லை. இருந்திருப்பினும் பயன் சிறிதே என்பேன். தடம் மாறியதைக் கருவி உணர்வது லூப் லைனில் நுழைந்த பின்னரே. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. எதிரே நிற்கும் வண்டியோ சில நூறு மீட்டருக்குள். பிரேக் போட்டும் நிறுத்தத் தூரம் போதாது.

எனவே கவச் வேண்டாம் என்பதன்று என் கருத்து. சித்தேரி போன்ற துயரங்களைத் தவிர்க்க அது மிகத் தேவை. ஆயினும் கருவி திருத்துவது ஓட்டுநரின் பிழையைத்தான். பாயிண்டின் போல்ட்டை முடுக்குபவரும், சிக்னல் கம்பியை இணைத்தபின் மறுபடி சோதிப்பவரும், இருளில் தண்டவாளத்தோரம் நடந்து பார்ப்பவரும் இல்லையேல் அக்கருவியும் குருடே. கருவிக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இவர்களுக்கும் கிட்டுமாயின், நம் பயணம் மெய்யாகவே பாதுகாப்புடையதாகும்.