ஏர் பிடித்தவரின் ஏடுகள்

மன்னருடைய குலமுறையை அறிய விரும்புவார்க்கு மெய்க்கீர்த்திகள் உண்டு. புலவர் பாடிய உலாக்களும் பரணிகளும் உண்டு. ஊரறிந்த செல்வர்க்குக் கல்லறையும் கல்வெட்டும் உண்டு. காட்டை வெட்டிக் கழனியாக்கி, விதைத்து, அறுத்து, மக்களைப் பெற்று, ஒரு நாள் அம்மண்ணிலேயே அடங்கிப்போன கமக்காரன் ஒருவனின் வரலாற்றை எங்கே தேடுவது? அவன் நாட்குறிப்பு எழுதியவன் அல்லன். கடிதம் வரைந்தவனும் அல்லன். அத்தகையவனைப் பற்றிப் பிறர் சொல்வதே வரலாறாகி விடுகின்றது. பிறர் சொல் பிழைபட்டால் அதனை மறுத்துரைக்க அவன் எழுந்து வருவதில்லை.

இவ்வாறு தமக்காகத் தாமே வாதாட இயலாமற் போன ஓர் உழவர், அமெரிக்காவில் 1778ஆம் ஆண்டு பிறந்து 1851ஆம் ஆண்டு இறந்த தோமஸ் லிங்கன். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தந்தை என்ற அளவிலேயே உலகம் அவரை அறியும். மகனைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பழைய நூல்கள் பலவற்றில், தந்தை ஊக்கமற்றவராகவும், ஓரிடத்தில் நிலைக்காது அலைந்தவராகவும், வறுமையைத் தாமே தேடிக்கொண்டவராகவும் காட்சியளிக்கின்றார். அந்தச் சித்திரத்தைத் திருத்தியவை சில மாவட்ட நீதிமன்றங்களில் தூசி படிந்து கிடந்த ஏடுகள். அவ்வேடுகள் தேடப்பட்ட வரலாற்றையும், அவை ஓர் உழவருக்கு வழங்கிய நீதியையும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மகன் அறியாத மூதாதையர்

1848ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் அமெரிக்கக் காங்கிரஸின் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தார். அப்பொழுது, மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் ஹிங்ஹாம் என்னும் ஊரைச் சேர்ந்த சொலமன் லிங்கன் என்பார், இருவரும் ஒரே குடியினராயிருத்தல் கூடுமோ என அறிய விரும்பி அவருக்குக் கடிதம் எழுதினார். லிங்கன் எழுதிய மறுமொழி நெஞ்சைத் தொடுவது. தம் தந்தை சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வறுமையில், புதிதாகக் குடியேறிய நாட்டில் வளர்ந்தமையால் கல்வியே இல்லாதவராயினார் என்றும், தம் குடும்ப வரலாற்றைத் தாம் இத்துணைச் சிறிதே அறிந்திருப்பதற்கு அதுவே காரணமாதல் வேண்டும் என்றும் அவர் குறிப்பிட்டார். எழுத்தறியாமை ஒரு தலைமுறையைப் பிடித்தால், அதற்கு முந்திய தலைமுறைகளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

லிங்கனுக்குத் தெரிந்தவை மிகச் சிலவே. பாட்டனார் பெயரும் ஆபிரகாம். அவர் வேர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்கு வந்தவர். அதற்கு முன் குடும்பத்தார் பென்சில்வேனியாவில் இருந்தனர். அதற்கப்பால் இருள். மசாச்சுசெற்ஸ் லிங்கன்களுக்கும் தம் குடும்பத்தாருக்கும் மோர்டிகாய், சொலமன், ஆபிரகாம் எனப் பெயர்கள் ஒத்திருப்பதை மட்டும் அவரால் காண முடிந்தது. 1859இல் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபொழுதும், பெயர் ஒற்றுமைக்கு மேல் எதுவும் உறுதியாகவில்லை என்றே அவர் எழுதினார்.

நம் மொழியிலே மகனுடைய மகனைப் ‘பெயரன்’ என்கின்றோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். லிங்கன் குடும்பத்தில் வழிவழி வந்ததும் இவ்வழக்கமே. ஆனால் பெயர் ஒற்றுமை ஒரு குறிப்பாகலாமே அன்றிச் சான்றாகாது. சான்று பிற்காலத்து ஆராய்ச்சியாளருக்கு மரணசாசனங்களிலும் காணி உறுதிகளிலும் கிடைத்தது. பென்சில்வேனியாவில் 1736இல் இறந்த மோர்டிகாய் லிங்கன் என்பவர், தம் மூத்த மகன் ஜோனுக்கு நியூ ஜேர்சியில் 300 ஏக்கர் நிலத்தை எழுதிவைத்தார். பென்சில்வேனியாவில் இறந்த ஒருவருக்கு நியூ ஜேர்சியில் நிலம் எப்படி வந்தது? முன்பு அங்கே வாழ்ந்தவராதலால் வந்தது. அங்கே வாழ்ந்தவரோ மசாச்சுசெற்ஸிலிருந்து சென்றவர். இவ்வாறு நிலமே வழிகாட்ட, அறுந்த கயிற்றின் இரு முனைகளும் ஒன்றாயின.

இன்று அந்த வரிசை தெளிவாயுள்ளது. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலிருந்து 1637இல் கடல் கடந்து ஹிங்ஹாமில் குடியேறினார் சாமுவேல் லிங்கன். அவர் மகன் மோர்டிகாய். அவர் மகன், மேலே சொன்ன இரண்டாம் மோர்டிகாய். அவர் மகன் ஜோன் வேர்ஜீனியாவிற்குச் சென்றார். ஜோனின் மகன் ஆபிரகாம், 1744இல் பிறந்தவர். அவர் மகன் தோமஸ். தோமஸின் மகன் ஜனாதிபதி. தம் ஏழு தலைமுறைகளை மகன் அறியாமலே மறைந்தார். ஊரவர் ஏடுகள் அவற்றை அறிந்திருந்தன.

கழனியில் வீழ்ந்த தந்தை

பாட்டனார் ஆபிரகாம் 1780ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கெண்டக்கியில் குடியேறியவர். அவருக்கு அங்கே 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் உரிமை இருந்தது. 1786இல் அவர் தம் காணியில் வேலை செய்துகொண்டிருக்கையில், தம் மண்ணை இழந்துகொண்டிருந்த செவ்விந்தியருள் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அருகில் நின்ற சிறுவன் தோமஸைத் தூக்கிச் செல்ல முயன்றவனை, மூத்த அண்ணன் மோர்டிகாய் குடிலுக்குள்ளிருந்து சுட்டு வீழ்த்தித் தம்பியைக் காப்பாற்றினான் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி.

உயிர் தப்பிய சிறுவனுக்குச் சொத்துத் தப்பவில்லை. மரணசாசனம் இன்றி ஒருவர் இறந்தால் நிலம் யாவும் தலைமகனுக்கே உரியது என்ற பழைய ஆங்கிலச் சட்டம் அப்பொழுது அங்கே நடைமுறையில் இருந்தது. ஆகவே நிலம் மோர்டிகாயைச் சேர்ந்தது. இளையவரான தோமஸ், கூலி வேலை செய்து ஊர் ஊராகத் திரியும் பையனாக வளர்ந்தார் என்று பிற்காலத்தில் மகனே குறிப்பிட்டுள்ளார். தம் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதுவதற்கு மேல் அவருக்கு எழுத்து வந்ததில்லை. ஆனால் தச்சுத் தொழில் கைவந்தது.

இத்தகைய ஒருவர் 1803இல் தம் இருபத்தைந்தாம் வயதில் ஹார்டின் மாவட்டத்தில் 238 ஏக்கர் காணியை 118 பவுண் கொடுத்து வாங்கினார் என்பதை அம்மாவட்டத்துப் பதிவேடு காட்டுகின்றது. இதைப் படித்தபொழுது எனக்கு வியப்பு உண்டாயிற்று. தந்தையிடமிருந்து ஓரடி நிலமும் பெறாத கூலிப் பையன், வேலை செய்து சேர்த்த பணத்தால் காணி வாங்குகின்றான். ஊக்கமற்றவன் என்று சொல்லப்பட்டவனின் செயலா இது?

மூன்று காணிகள், மூன்று இழப்புகள்

தோமஸ் லிங்கனின் வாழ்வைப் புரிந்துகொள்வதற்குக் கெண்டக்கியின் நில அளவை முறையை ஒருவாறு அறிதல் வேண்டும். அங்கே குடியேறியவர்கள் தத்தம் காணியைத் தாமே குறித்துக்கொண்டனர். இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடைவரை, ஓடையிலிருந்து பெருங்கல்வரை என்று எல்லை எழுதப்பட்டது. மரம் வீழ்ந்தது, ஓடை திசை மாறியது, ஒருவர் எல்லைமேல் மற்றொருவர் எல்லை, கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோலப் படிந்தது. அந்நாட்டிற்கு வழிகண்ட பெருவீரர் டானியல் பூனே தம் நிலங்களை இழந்து வெளியேற நேர்ந்ததென்றால், எழுத்தறியா உழவர் நிலையைச் சொல்ல வேண்டுமோ?

தோமஸ் 238 ஏக்கராக வாங்கிய முதற் காணி, அளவைப் பிழையினால் 200 ஏக்கராகச் சுருங்கி, 1814இல் நட்டத்திற்கு விற்கப்பட்டது. 1808இல் வாங்கிய இரண்டாவது காணி சிங்கிங் ஸ்பிறிங். 1809 பெப்ரவரி 12ஆம் நாள் ஆபிரகாம் பிறந்த இடம் அதுவே. அக்காணியை முன்பு வைத்திருந்தவர் செலுத்தாது விட்ட கடன் ஒன்று வழக்காகி, அந்த நிலமும் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் 1811இல் நொப் கிறீக் என்னும் ஓடைக்கரைக் காணிக்குப் பெயர்ந்தது. அங்கும், தமக்கே அந்நிலம் உரியது என்று பிறர் தொடுத்த வழக்கில், வெளியேற்றப்பட வேண்டிய பத்துக் குடியானவருள் ஒருவராகத் தோமஸின் பெயரும் சேர்க்கப்பட்டது.

1816ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மனைவி மக்களுடன் ஆற்றைக் கடந்து இந்தியானாவிற்குச் சென்றார். அடிமை முறை ஓரளவு காரணம். காணி உரிமையின் சிக்கலே பெருங்காரணம் என்பது மகன் தந்த விளக்கம். இந்தியானாவில் நிலத்தை அரசே அளந்திருந்தது. 1785இன் சட்டப்படி நாடு சதுரங்களாகப் பகுக்கப்பட்டு, 640 ஏக்கர் கொண்ட பிரிவுகளாகவும், அவற்றின் கால்வாசியான 160 ஏக்கர்த் துண்டுகளாகவும் விற்கப்பட்டது. தோமஸ் 1817இல் அத்தகைய ஒரு துண்டினை, ஏக்கர் இரண்டு டொலர் விலையில், வின்சென்ஸ் நகரக் காணிக் கந்தோரில் தம் பெயருக்குப் பதிந்து முற்பணம் செலுத்தினார். முழுவதற்கும் பணம் செலுத்த இயலாமையால் 1827இல் பாதியை அரசுக்கே விட்டுக்கொடுத்து, எஞ்சிய 80 ஏக்கருக்கு உறுதி பெற்றார். கெண்டக்கியில் மும்முறை வாய்க்காத பழுதற்ற உரிமை, நாற்பத்தொன்பதாம் வயதில் அவருக்கு வாய்த்தது.

இடையே, 1818 அக்டோபரில், நச்சுச் செடியை மேய்ந்த பசுவின் பாலால் வரும் கொடிய நோயினால் மனைவி நான்சி இறந்தார். மறு ஆண்டு டிசம்பரில் தோமஸ், சேரா புஷ் ஜோன்ஸ்ரன் என்னும் கைம்பெண்ணை மணந்து, தாயற்ற இரு பிள்ளைகளுக்கும் ஒரு தாயை அழைத்து வந்தார். அந்தச் சிற்றன்னையின் அன்பை ஜனாதிபதி தம் வாழ்நாள் முழுவதும் மறந்திலர்.

ஊர்வாயும் உறுதியும்

1865இல் ஜனாதிபதி கொலையுண்ட பின்னர், அவருடன் வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹேர்ண்டன், லிங்கனை அறிந்த முதியோரைத் தேடி அவர்தம் நினைவுகளைத் திரட்டினார். 1889இல் வெளியான அவரது நூல் மதிப்பு மிக்கது. ஆயினும் தந்தையைப் பொறுத்தமட்டில் அது ஊர்வாயையே பெரிதும் நம்பியது. மகனின் உயர்வைக் காட்டுவதற்குத் தந்தையைத் தாழ்த்துவதும் எழுத்தாளருக்கு வசதியாயிற்று. தோமஸுக்கும் நான்சிக்கும் முறைப்படி திருமணம் நிகழவில்லை என்ற பழிச்சொல்லும் உலவிற்று. தம்பதியர் வாழ்ந்த ஹார்டின் மாவட்டத்தில் திருமணப் பதிவைத் தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர், பழி வலுத்தது.

பதிவு இருந்த இடம் அடுத்துள்ள வாஷிங்டன் மாவட்டம். மணமகளின் உறவினர் அங்கே வாழ்ந்தனர். திருமணமும் அங்கேயே நடந்தது. 1878இல் அந்நீதிமன்றத்து ஏடுகளிலிருந்து அது வெளிப்பட்டது. 1806 ஜூன் 12ஆம் நாள் ஜெசி ஹெட் என்னும் பாதிரியார் தோமஸ் லிங்கனுக்கும் நான்சி ஹாங்ஸுக்கும் திருமணம் நடத்திவைத்ததாக அவர் கைப்பட எழுதிய பதிவு அது. எழுபத்திரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்த ஒரு வரி, இறந்துபோன ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தது.

அடுத்த பெரும் பணியைச் செய்தவர் கெண்டக்கியில் பாதிரியாராயிருந்த லூயிஸ் வாரன். வரிப் புத்தகங்கள், காணி உறுதிகள், வழக்கேடுகள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்து, 1926இல் தம் நூலை வெளியிட்டார். அதில் வெளிப்பட்ட தோமஸ் லிங்கன் வேறொரு மனிதர். வரி ஒழுங்காகச் செலுத்தியவர், குதிரைகள் வைத்திருந்தவர், ஜூரியாக அமர்ந்தவர். 1814ஆம் ஆண்டின் வரிப் பட்டியல் ஒன்றில் 98 பேருள் பதினைந்தாம் இடத்தில் நின்றவர். செல்வர் அல்லர், ஆயினும் அக்காலத்துக் கமக்காரருள் ஒருவருக்கும் தாழ்ந்தவர் அல்லர். அவர் ஊர் விட்டு ஊர் சென்றதற்கு மனத்தின் நிலையாமையினும் உறுதியின் நிலையாமையே காரணம் என்பது ஏடுகளின் தீர்ப்பு.

இங்கே நான் எண்ணி வருந்தும் ஒரு செய்தி உண்டு. தோமஸின் காணிகள் எவ்வித வழக்குமின்றி அவரிடமே நிலைத்திருந்தால் அவரைப் பற்றிய ஏடுகள் இத்துணை மிகுந்திரா. அவரை வீட்டைவிட்டுத் துரத்திய வழக்குகளே அவர் பெயரைக் காத்துவைத்தன. 1850க்கு முந்திய அமெரிக்கக் குடிசன மதிப்புகளிலோ குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது; மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கை. ஆகவே நிலமும் வழக்கும் இல்லாத எத்தனையோ உழவர், அவர்தம் மனைவியர், நிலம் வைத்திருக்கவே உரிமையற்ற அடிமைகள் ஆகியோரின் குலமுறை முற்றாக மறைந்தே போயிற்று.

ஏடுகளாலும் தீர்க்க முடியாத வழக்கு ஒன்று எஞ்சியுள்ளது. அது தந்தைக்கும் மகனுக்கும் இடையிலானது. 1851 ஜனவரியில் தோமஸ் இலினோய்ஸில் மரணப்படுக்கையில் கிடந்தபொழுது மகன் வரவில்லை; தாம் சந்தித்தால் அது இன்பத்தினும் துன்பமே தருமோ என ஐயுற்றுச் சிற்றன்னையின் மகனுக்குக் கடிதம் எழுதினார். இறுதிச் சடங்கிற்கும் அவர் சென்றிலர். இருவருக்குமிடையே இருந்த மனக்கசப்பு எவ்வளவு என்பதை எந்த நீதிமன்றமும் பதிந்து வைக்கவில்லை. ஆனால் 1853இல் தமக்கு நான்காவது மகன் பிறந்தபொழுது லிங்கன் அக்குழந்தைக்குத் தோமஸ் என்று பெயரிட்டார். 1861இல் ஜனாதிபதிப் பதவி ஏற்க வாஷிங்டன் செல்லுமுன், சிற்றன்னையைக் கண்டு, தந்தையின் கல்லறைக்கும் சென்றார். தம் பெயரையே அரிதின் எழுதிய உழவரின் பெயர் இவ்வாறு பெயரனிடம் நிலைபெற்றது.

வீட்டுப் பெட்டிகளில் பழைய உறுதிகளையும் வரிச் சீட்டுகளையும் வைத்திருப்போர், செல்லரித்த குப்பை என்று அவற்றை எரித்துவிடாதிருப்பாராக. எழுதத் தெரியாத நம் முன்னோர் ஒருவருக்காக ஒரு நாள் சாட்சி சொல்ல, அவற்றையன்றி வேறொருவர் இல்லாதிருக்கக் கூடும்.