ஈர்க்கும் கடலையும்: பிள்ளைகளின் கையில் நம் தோட்டம்

1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களில் இன்று பேரப்பிள்ளைகள் முன்பள்ளிக்குப் போகின்றார்கள். துலாவை அவர்களிற் பலர் கண்டதில்லை. "துலா எண்டால் என்ன, அம்மப்பா?" என்று கேட்கும் பிள்ளைக்கு வாயால் விளங்கப்படுத்துவது கடினம். கையால் செய்து காட்ட ஒரு மாலைப் பொழுது போதும்.

இது புதிய முறையன்று. 1837 இல் ஜேர்மனியில் சிறுவர் கூடத்தைத் தொடங்கிய பிரெட்ரிக் புரோபெல், ஊறவைத்த பட்டாணியையும் மெல்லிய குச்சிகளையும் கொடுத்துப் பிள்ளைகளை உருவங்கள் செய்ய வைத்தார். நமக்குக் கடலையும் தென்னோலை ஈர்க்கும் உண்டு.

ஒரு கிழமைக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 'தோட்டம்' என்று தொடங்கலாம்.

திங்கள்: களிமண்ணைக் கயிறு போல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கிக் கிணறு செய்யட்டும். பென்சில் பிடிக்கும் விரல்கள் இதனால் உறுதிபெறும்.

செவ்வாய்: இரவு முழுதும் ஊறிய கடலையில் ஈர்க்குகளைக் குத்தி ஆடுகால் அமைக்கலாம். கடலை காய்ந்ததும் ஈர்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே துலாவை வைத்து, ஒரு முனையில் நூலும் சிறு ஓலைப் பட்டையும், மறு முனையில் களிமண் பாரமும் கட்டுங்கள். பாரம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

புதன்: பழைய அட்டையில் கோதுமை மாப் பசை பூசி, மண் தூவி, பயறு, உழுந்து, நெல்லை வரிசையாக ஒட்டிப் பாத்தி கட்டட்டும். வரிசைக்குப் பத்து என எண்ணட்டும்.

வியாழன்: வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, குழைத்த மஞ்சளில் தோய்த்துக் கடதாசியில் பதித்தால் பூப்போல விழும்.

வெள்ளி: எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அம்மப்பாவோ அப்பம்மாவோ தம் தோட்டத்தின் கதையைச் சொல்லட்டும்.

உணவை வீணாக்குவதா என்று கேட்பீர்கள். ஒரு கைப்பிடி போதும். வண்டு குத்திய விதையே போதும். ஆனால் குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். அவை கொடிய நஞ்சு. விவசாயத்துக்கென நஞ்சூட்டி வைத்த விதைநெல்லையும் எடுக்காதீர்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் சிறு விதைகளை மூக்கிலும் வாயிலும் போடுவார்கள். அவர்களுக்குக் களிமண் மட்டும் போதும்.

இன்னொன்று. தோட்டம் செய்யச் சொன்னால், ஒரு பிள்ளை கூரையில்லாத வீட்டைச் செய்யலாம். "அது பிழை" என்று திருத்த வேண்டாம். ஏன் என்று துருவவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், சொல்ல விரும்பினால் கேளுங்கள்.

இயேசு ஆண்டவர் விதையையும் புளிப்பு மாவையும் விளக்கையும் கொண்டே போதித்தார். அவை ஏழை மக்களின் கையில் இருந்த பொருட்கள். காணி நம் கைக்கு வரும் நாளை நாம் அறியோம். அதுவரை ஆடுகால், பட்டை, பாத்தி என்ற சொற்களும் அவற்றின் பயனும் நம் பிள்ளைகளிடம் அழியாதிருக்கட்டும். திரும்பிப் போகும்போது, அவர்கள் அந்த மண்ணுக்கு அந்நியராகப் போகக்கூடாது.