பன்மரபுரிமையில் பெயர் மோதல்

பொருள் நோக்கு நிரலாக்கத்தில், ஒரு வகுப்பு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மேல்வகுப்புகளிலிருந்து செயற்கூறுகளைப் பெறுவது பன்மரபுரிமை எனப்படும். அம்மேல்வகுப்புகளில் ஒரே பெயருடைய செயற்கூறுகள் இருப்பின், துணைவகுப்பில் அப்பெயரை அழைக்கும்போது எது இயங்கவேண்டும் என்னும் ஐயம் எழும். இதுவே பெயர் மோதல் ஆகும். மெத்தட் என்று வழங்கப்படுவதே இங்கு செயற்கூறு எனப்படுகிறது.

மோதலின் இரு வகைகள்

முதலாவது தற்செயல் மோதல். 'வாசிப்பான்' என்னும் வகுப்பில் படி() என்பது உள்ளடக்கத்தை வாசிப்பதைக் குறிக்கிறது. 'நகலி' என்னும் வகுப்பிலோ அது பிரதி எடுப்பதைக் குறிக்கிறது எனக் கொள்வோம். இரண்டிலிருந்தும் பெறப்படும் 'ஆவணம்' வகுப்புக்கு இரு செயல்களுமே தேவை.

இரண்டாவது வைர மோதல். 'க' வகுப்பிலிருந்து 'ச', 'ட' ஆகியனவும், அவ்விரண்டிலிருந்தும் 'த' வகுப்பும் பெறப்படுகின்றன. இங்கு பெயரின் பொருள் ஒன்றே. எந்த வடிவம் பொருந்தும் என்பது மட்டுமே கேள்வி.

இவ்வேறுபாட்டைக் கருதாமல் எந்தத் தீர்வையும் மதிப்பிட இயலாது.

பெயரைத் தெளிவாக்கல்

சி++ மொழியில் பன்மரபுரிமை 1989 இல் வெளியான 2.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஐயத்துக்கிடமான அழைப்பை அம்மொழியின் கம்பைலர் ஏற்பதில்லை. வாசிப்பான்::படி() என்று நிரலர் குறிப்பிடவேண்டும். ஆயினும் இது அரைத் தீர்வே. இரண்டும் ஒரே அளவுருக்கள் கொண்ட மெய்நிகர் செயற்கூறுகளாயின், 'ஆவணம்' வகுப்பில் எழுதப்படும் ஒரு படி() இரண்டையுமே மீறிவிடும். தனித்தனியே மீற, இடையில் வேறு வகுப்புகளை எழுதவேண்டியிருக்கும்.

பெர்ட்ராண்ட் மேயர் வடிவமைத்த ஐஃபல் மொழி மோதலை வேரிலேயே தீர்க்கிறது. மரபுரிமையை அறிவிக்கும் இடத்திலேயே ஒரு படி() என்பதற்கு 'வாசி' என மறுபெயர் இடலாம். தற்செயல் மோதலுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்வு இல்லை எனலாம்.

வரிசைப்படுத்தல்

பைத்தான் மொழி வகுப்புகளை ஒரே வரிசையில் அடுக்கி, முதலில் கிடைக்கும் செயற்கூறை இயக்குகிறது. பழைய பாணி வகுப்புகளில் இவ்வரிசை த, ச, க, ட என அமைந்தது. 'ட' மீறி எழுதிய செயற்கூறுக்கு முன்பே 'க' வகுப்பின் மூல வடிவம் அகப்பட்டுவிடும். 'ட' எழுதிய திருத்தம் வீணாகும். 2003 இல் வெளியான 2.3 பதிப்பில், டைலன் மொழிக்காக உருவாக்கப்பட்ட சி3 என்னும் வழிமுறை புதிய பாணி வகுப்புகளுக்கு ஏற்கப்பட்டது. இதன்படி வரிசை த, ச, ட, க ஆகும்: துணைவகுப்பு எப்போதும் தன் மேல்வகுப்புக்கு முன்னர் வரும். ஒன்றுக்கொன்று முரணான வரிசைகள் கோரப்பட்டால் வகுப்பை உருவாக்கும்போதே பிழை காட்டப்படும்.

வைர மோதலுக்கு இது நல்ல தீர்வு. தற்செயல் மோதலில் அவ்வாறன்று. முதலில் நிற்கும் படி() எந்த எச்சரிக்கையும் இன்றி மற்றதை மறைத்துவிடும். வாசிக்கவேண்டிய இடத்தில் நிரல் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்.

ஜாவா

ஜாவா, வகுப்புகளுக்குப் பன்மரபுரிமையை அனுமதிப்பதில்லை. எனினும் 2014 இல் வெளியான ஜாவா 8 இல் இடைமுகங்களும் இயல்புநிலைச் செயற்கூறுகளைக் கொண்டிருக்கலாம் என்றானபின் இச்சிக்கல் அங்கும் நுழைந்தது. தொடர்பற்ற இரு இடைமுகங்கள் ஒரே செயற்கூறை வழங்கினால், வகுப்பு அதைத் தானே மீறி எழுதவேண்டும். இல்லையேல் நிரல் கம்பைல் ஆகாது.