இல்லத்து மின்சாரமும் நிலத்தொடர்பும்

தென்னாட்டு இல்லங்களில் மின்சாரம் பரவத் தொடங்கி நெடுங்காலமாகவில்லை. 1932ஆம் ஆண்டில் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் நீரின் வேகத்தைக்கொண்டு மின்சக்தி உண்டாக்கப்பட்ட பின்னரே அது ஊர்தோறும் செல்லலாயிற்று. அந்நாளில் ஒரு வீட்டிற்கு இரண்டொரு விளக்கும் ஒரு விசிறியும் போதியனவாயிருந்தன. அவையும் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கின. இக்காலத்திலோ கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், குளியலறையில் நீர் காய்ச்சும் கீஸர் முதலிய பல கருவிகள் வந்துவிட்டன. இவற்றுட் பலவற்றின் உடல் உலோகத்தாலாயது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக்கையால் இவற்றைத் தொடுவோர் பெரும்பாலும் நம் தாய்மாரும் சகோதரிகளுமே. ஆதலின் வீட்டு மின்னமைப்பில் அவர்தம் உயிரைக் காக்கும் பகுதி யாது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

மூன்று கம்பிகள்

வீட்டு மின்னமைப்பில் மூன்று கம்பிகள் உண்டு. மின்சாரத்தைக் கொண்டுவருவது பேஸ் கம்பி. இது பெரும்பாலும் சிவப்பு நிறமுடையது. அதனைத் திருப்பிக் கொண்டுசெல்வது நியூட்ரல் என்னும் கறுப்புக் கம்பி. மூன்றாவது பச்சைக் கம்பி. இதனை எர்த் என்றும் நிலத்தொடர்பு என்றும் கூறுவர். முதலிரண்டும் இல்லையேல் விளக்கெரியாது. பச்சைக் கம்பி இல்லாவிடினும் விளக்கெரியும், விசிறி சுழலும், கிரைண்டர் மாவரைக்கும். எனவே வீடு கட்டுவோர் செலவைக் குறைக்கக் கருதுங்கால் முதலிற் குறைக்கப்படுவது இதுவே. பல ஆண்டுகள் யாதொரு வேலையுமின்றிக் கிடந்து, அபாயம் நேரும் ஒரு கணத்தில் மட்டும் உதவும் காவலாளன் போன்றது அக்கம்பி.

அது காக்கும் விதம் பின்வருமாறு: நாளடைவில் கீஸரின் உள்ளே காப்புறை பழுதுற்று, பேஸ் கம்பி அதன் இரும்புடலைத் தொடுகின்றது என்று கொள்வோம். நிலத்தொடர்பு இல்லையாயின் அவ்வுடல் 230 வோல்ட் அழுத்தத்தில் நிற்கும். ஈரமான மனிதவுடலின் தடை சுமார் 1000 ஓம் எனக் கொண்டால், அதனைத் தொடுவோர் உடலில் 0.23 ஆம்பியர் பாயும். இது ஓர் 60 வாட் குண்டு பல்பு ஏற்கும் மின்னோட்டத்தினும் சிறிது குறைவே. எனினும் இதயத்தை நிறுத்திவிட இதுவே போதும்.

நிலத்தொடர்பு செவ்விதாய் இருப்பின், மின்சாரம் பச்சைக் கம்பி வழியே பெருவெள்ளமாய்ப் பாயும். உடனே பியூஸ் உருகும், அல்லது எம்.சி.பி. விழுந்துவிடும். ஆனால், ‘செவ்விதாய்’ என்னும் அச்சொல்லிலேதான் நம் மதுரைப் பக்கத்தார் கவனிக்கவேண்டிய இடர் அடங்கியிருக்கின்றது.

நம் மண்ணின் இயல்பு

மண் மின்சாரத்தை ஏற்பது அதிலுள்ள ஈரத்தினாலும் உப்புக்களினாலுமாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழைக்காலத்தில் ஈரத்தை நன்கு காக்கும். கோடையிலோ அது வெடித்துப் பிளந்து, புதைத்த குழாயினின்றும் விலகி நிற்கும். செம்மண் மேடுகள் விரைவில் உலர்ந்துவிடும். திருப்பரங்குன்றம், யானைமலை போன்ற குன்றுகளின் அடிவாரங்களிலோ சில அடி தோண்டியவுடன் பாறை குறுக்கிடும். ஆகவே ஐப்பசியில் நன்றாயிருந்த எர்த் குழி சித்திரையில் பயனற்றதாகிவிடக்கூடும்.

கணக்கிட்டுக் காண்போம். உலர்ந்த மண்ணில் வீட்டுக் குழியின் தடை 20 ஓம், மின்மாற்றியின் குழித்தடை 3 ஓம், ஆக 23 ஓம் என்க. 230 வோல்ட்டை 23ஆல் வகுக்கப் பழுதின்போது பாய்வது 10 ஆம்பியரே. கீஸருக்கு இடப்பட்டிருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. யாயின் அது விழவே விழாது. அந்நேரத்தில் கீஸரின் உடல் 20ஐப் பத்தால் பெருக்க வரும் 200 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். பச்சைக் கம்பியும் உண்டு, எம்.சி.பி. யும் உண்டு, காவல் மட்டும் இல்லை!

குழி அமைத்தல்

இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளமும் சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள துத்தநாகப் பூச்சிட்ட இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, அதனைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காய் இடுவது நெடுநாள் வழக்கம். உப்பு குழாயை அரிக்குமாதலின், சில ஆண்டுகளுக்கொருமுறை அதனைச் சோதித்தல் வேண்டும். குழாயின் தலைப்பில் நீர் ஊற்றுவதற்கு வழி வைத்துச் சிறு தொட்டி கட்டி மூடியிடுக. அதனைச் சிமெண்டுத் தளத்தின் அடியில் மறைத்துவிடலாகாது. பங்குனி முதல் ஆடி வரையில் வாரமொருமுறை இரண்டு குடம் நீர் வார்ப்பது சிறந்த பழக்கம். பாறை குறுக்கிடும் நிலத்தில், ஒன்றற்கொன்று தக்க தொலைவில் இரண்டு குழிகள் அமைத்து இணைத்தால் தடை ஏறக்குறையப் பாதியாகும்.

குழியைச் சோதிக்கப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பல்பை எரித்துப் பார்ப்பதுண்டு. இச்சோதனை போதாது. 100 வாட் பல்பு எரியுங்கால் அதன் தடை 500 ஓமுக்கு மேற்பட்டது; அதனோடு 20 ஓம் சேர்வதால் ஒளி குன்றுவது கண்ணுக்குப் புலனாகாது. குழியின் தடையை அதற்குரிய அளவுகருவியாலேயே அறிதல் வேண்டும்.

போலித் தொடர்புகள்

முற்காலத்தில் தண்ணீர்க் குழாயோடு பச்சைக் கம்பியைக் கட்டிவிடுவோர் இருந்தனர். இரும்புக் குழாய்களை மாற்றிப் பிளாஸ்டிக் குழாய்கள் பதித்த வீடுகளில் அத்தொடர்பு அற்றுப்போயிருக்கும். இனிச் சிலர் பிளக் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றனர். இது மிகக் கொடிது. நியூட்ரல் கம்பி வழியில் எங்கேனும் அறுந்ததாயின், பழுதே இல்லாத கருவியின் உடலிலும் 230 வோல்ட் ஏறிவிடும்.

ஆர்.சி.சி.பி. என்னும் துணை

மேற்கூறிய இடருக்குப் பரிகாரம் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. பேஸில் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகின்றதா என்று அது இடைவிடாது ஒப்பிட்டு நோக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்து வேறு வழியிற் சென்றாலும், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. மனிதரைக் காக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஆனால் அப்பொத்தான் சோதிப்பது அக்கருவியை மட்டுமே. எர்த் குழியை அன்று. பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே பற்றியவரை இக்கருவியும் காவாது. அது அடிக்கடி விழுகின்றதென்று சினந்து கழற்றிவிடுவது, குரைத்த நாயை அடித்துத் துரத்திக் கள்வனுக்குக் கதவு திறப்பதை யொக்கும்.

பிற எச்சரிக்கைகள்

ஸ்விட்ச் எப்போதும் பேஸ் கம்பியிலேயே அமைதல் வேண்டும். நியூட்ரலில் அமைந்தால், அணைத்த விளக்கிலும் மின்னழுத்தம் நிற்கும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், 16 ஆம்பியர் பிளக்குகளுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டரும் பருமனுள்ள செம்புக் கம்பி இடுக. மூன்று முனைப் பிளக்கின் பருத்த முனையை ஒடித்து இரண்டு முனைத் துளையிற் செருகுதல் கூடாது. துணியுலர்த்தும் இரும்புக் கம்பியை மின்கம்பத்திலோ தகரக் கூரையிலோ கட்டாதீர்கள். தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனைக்கொண்டே வேலையை முடித்தல் வேண்டும். எவரேனும் மின்சாரத்தாற் பற்றப்பட்டால் அவரைத் தொடுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்திடுக.

நேயர்காள்! நூலறிவு வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே செல்லாதாயின் அதனால் விளையும் பயன் சிறிதே. விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் மாணாக்கர் மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்வாராக: எங்கள் வீட்டு எர்த் குழி எங்குள்ளது? இக்கோடையில் அதற்கு நீர் வார்த்தது யார்? ஆர்.சி.சி.பி. உண்டா? இவற்றிற்கு விடை காண அரைநாட் பொழுதும், குறை கண்டவிடத்துச் சிறிது பொருளும் செலவாகும். அதிகாலையில் எழுந்து ஈரக்கையோடு மாவரைக்கும் அன்னைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறுகளுள் இதனினும் எளியது வேறில்லை.