வாரம் ஒரு மணி நேரம்

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தையைப் பார்த்தால், ‘நல்லா சாப்பாடு கொடுங்க’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். சரியான அறிவுரைதான். ஆனால் அது போதாது என்பதை ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வயது 9 முதல் 24 மாதம் வரை. ஆய்வை நடத்தியவர் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஸாலி கிராந்தம்-மெக்ரிகர். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ சத்துப் பால்மாவு. இன்னொன்றுக்குப் பால்மாவு இல்லை. வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து தாயோடும் குழந்தையோடும் விளையாடுவார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் உண்டு. நான்காவதற்கு இரண்டுமே கிடையாது. இப்படி இரண்டு ஆண்டுகள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. வந்தவர்கள் உளவியல் நிபுணர்கள் அல்ல. அதே ஊர்ப் பெண்கள், சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். கையில் கடையில் வாங்கிய பொம்மையும் இல்லை. காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டையில் படம் ஒட்டிய புத்தகம், மரக்கட்டைத் துண்டுகள் என வீட்டில் வீணாகக் கிடப்பவற்றிலிருந்து செய்தவைதான். பணியாளர் தரையில் உட்கார்ந்து ஒன்றைச் செய்துகாட்டுவார். பிறகு தாயின் கையில் கொடுத்துவிடுவார். குழந்தை கட்டையை அடுக்கும்போது தாய் அதன் நிறத்தைச் சொல்ல வேண்டும். குழந்தை எதையாவது சுட்டிக்காட்டினால் பெயர் சொல்லிப் பேச வேண்டும். சரியாகச் செய்தால் குழந்தைக்கும் பாராட்டு, தாய்க்கும் பாராட்டு. விளையாட்டுப் பொருளை அங்கேயே விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறொன்றோடு வருவார். ஆக, பாடம் குழந்தைக்கு மட்டுமல்ல. மீதி ஆறு நாளும் அந்தக் குழந்தையோடு இருக்கப்போகும் தாய்க்கும்தான்.

1991இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. பால்மாவும் உதவியது, விளையாட்டும் உதவியது. இரண்டும் கிடைத்த குழந்தைகள் மனவளர்ச்சியில், அதே பகுதியின் குன்றாத குழந்தைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். ஆனால் அவர்கள் பள்ளிக்குப் போய், பதின்வயதைத் தாண்டியபோது, பால்மாவின் பலன் அறிவுத் தேர்வுகளில் தென்படவில்லை. விளையாட்டின் பலன் நிலைத்து நின்றது.

22 வயதில் 105 பேரைத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். சிறுவயதில் அந்த வாராந்திர வருகை கிடைத்தவர்களிடம் அறிவுத்திறன் கூடுதலாக இருந்தது. மனச்சோர்வும் வன்முறையில் இறங்கும் போக்கும் குறைவாக இருந்தன. பொருளியலில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் 2014இல் கணக்கிட்டபோது, வருகை கிடைத்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பின்னர், 31 வயதில் மணிக்கூலி 43 சதவீதம் அதிகம். குழந்தைப் பருவத்தில் கொடுத்த சுமார் நூறு மணி நேரத்தின் விளைச்சல் இது.

இதைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. 129 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதே முறையைக் கொலம்பியா 96 ஊர்களில், அரசின் உதவித்தொகைத் திட்டத்தோடு இணைத்து 18 மாதம் நடத்திப் பார்த்தது. திட்டம் முடிந்தபோது பலன் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது தங்கியிருக்கவில்லை. திட்டம் பெரிதாகும்போது வருகையின் தரமும் தொடர்ச்சியும் கரைந்துவிடக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூட்டை மூட்டையாக மாவு அனுப்பலாம். தரையில் உட்கார்ந்து பேசும் ஒரு மனுஷியின் பொறுமையை அப்படி அனுப்ப முடியாது.

நம் பக்கம் வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒருவர். 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் சத்துமாவு உண்டு, முட்டை உண்டு, எடை பார்ப்பது உண்டு. வீடு தேடிப் போவதும் பணிப்பட்டியலில் இருக்கிறது. ஆனால் பதிவேடு, செல்போன் செயலி, முன்பருவக் கல்வி என்று ஒரே பணியாளரின் தலையில் எல்லாம் விழும்போது, எந்த வீட்டில் போய் அவர் ஒரு மணி நேரம் உட்காருவார்?

கூடுதல் ஆள் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் ஊகம் அல்ல. தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்து, முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டன. பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குன்றலும் குறைந்தது.

ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் இன்னொரு பணியாளரை, முறையான சம்பளத்தோடு, அரசு நியமிக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போவதை அவருடைய முதல் வேலையாக எழுதிவைக்க வேண்டும்.